நாய் இல்லாமல் ஒரு நடை

எந்த இடமானாலும் அக்கா அங்கே இரண்டு முறை போவார். முதல் முறை சும்மா. இரண்டாம் முறைதான் வேலைக்கு.

ரேஷன் கடையில் கூட்டம் முட்டிமோதும். அக்கா பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வரிசையை ஒட்டியே தலையிலிருந்து வால் வரை ஒரு நடை நடப்பார். எடை போடுகிறவர் எந்தக் கையால் சர்க்கரை அள்ளுகிறார், எந்தப் பக்கம் திரும்பிப் பில் கிழிக்கிறார் என்பதையெல்லாம் பார்த்துவிட்டு வந்து, கடைசியில் நிற்பார்.

"கடைசியில நிக்கிறதுக்கு இன்னாத்துக்கும்மா இம்மாஞ் சோதனை?" என்று முன்னால் நின்ற ஒருத்தி கேட்டாள்.

"கடைசி ஆளும் எங்கனா ஓர் எடத்துலதான நிக்கணும்?" என்றார் அக்கா.

கள்ளக்குறிச்சியின் ஓரத்தில் இருந்த ஒரு கால்நடை மருந்தகத்தில் நாங்கள் இருவரும் தினக்கூலிகள். அவர் மாட்டைப் பிடிப்பது, மருந்து கலக்குவது, தொழுவம் கழுவுவது. நான் ரிஜிஸ்டர் எழுதுவது. எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்து, எம்ப்ளாய்மென்ட் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்த காலம். தினக்கூலிகளின் வருகைக் கணக்கான மஸ்டர் ரோலில் மாதாமாதம் அக்காவின் பெயரை எழுதியவனும் நான்தான். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. டாக்டரிலிருந்து டீக்கடைக்காரர் வரை எல்லாருக்கும் அவர் நாய்க்கார அக்கா. அதனால் இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அந்தப் பெயருக்குக் காரணமான நாய்க்குக் கண்டக்டர் என்று பெயர். செம்பட்டை நிறம், ஒரு காது மடிந்திருக்கும். பஸ் ஸ்டாண்டில் கிடந்த குட்டி. எந்த பஸ் கிளம்பினாலும் பின்படிக்கட்டை ஒட்டியே வளைவு வரை ஓடிவிட்டு, கடமை முடிந்த மாதிரி திரும்பி வரும். அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் அக்கா அதைத் தூக்கி வந்தாராம். "பஸ்சுக்கு ரெண்டு அடி தள்ளியே ஓடிச்சி தம்பி. ஒரு தபா கூட சக்கரத்துப் பக்கம் போகல. அதுக்கு எடம் தெரியுது" என்றார். இடம் தெரிவது என்பது அக்காவின் அகராதியில் பெரிய பாராட்டு. மனிதர்களில் யாருக்கும் அவர் அதைக் கொடுத்து நான் கேட்டதில்லை.

மருந்தகத்தின் பின்புறம் ஒரு காலி மனை இருந்தது. ரோடு போட வந்தவர்கள் விட்டுப்போன ஒரு சிமெண்டுக் குழாய் அங்கே கிடந்தது. அதற்குப் பக்கத்தில் அக்கா ஆறு சவுக்குக் கம்புகளை ஒரே வரிசையில் நட்டிருந்தார். உடைந்த பெஞ்சின் பலகையை இரண்டு கல்லுக்கு மேல் பாலம்போல் வைத்திருந்தார். புங்க மரத்தில் ஒரு லாரி டயர் தொங்கியது. செங்கல் அடுக்கி மேலே மூங்கில் வைத்த தாண்டுகட்டைகள் மூன்று. மதியம் டாக்டர் சாப்பிடப் போனதும் அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் போவார். கண்டக்டரை வேலியில் கட்டிவிட்டு, அவர் மட்டும் தனியே அந்தத் தடைகளுக்கு நடுவில் நடப்பார். கை தொங்கும், உதடு முணுமுணுக்கும். குழாய் வாயில் குனிந்து நாயின் உயரத்திலிருந்து உலகத்தைப் பார்ப்பார். எழுந்து இரண்டு அடி இடப்புறம் நகர்வார். மறுபடி குனிவார்.

முதலில் பார்த்தபோது எனக்கு அக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்றுதான் பட்டது.

"நாயக் கட்டி வெச்சிட்டு நீங்க இன்னாக்கா ஓடிக்கினு இருக்கீங்க?"

"அது ஓடறப்ப எனக்கு யோசிக்க நேரம் இருக்காதுப்பா. இப்பவே யோசிச்சி வெச்சிட்டா அப்ப சும்மா நடந்தாப் போதும்."

யோசித்ததை மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் வரைவார். நாய் போகும் வழி நீல மசியில், தான் போகும் வழி சிவப்பு மசியில். நீலம் பாம்புபோல் வளைந்து வளைந்து தாள் முழுக்கப் போகும். சிவப்பு நடுவில் சின்னதாகக் கொக்கி போட்ட மாதிரி இருக்கும். "நாய் நூறு அடி ஓடுதுன்னா நாம முப்பது அடிதான் நடக்கணும். நாமளும் நூறு அடி ஓடினா யோசனை இன்னாத்துக்கு?" என்பார். எனக்கு மிகவும் பிடித்தது குழாய் விஷயம். "உள்ள பூந்துட்டா அது நம்மளப் பாக்காது. அந்த மூணு நொடிதான் நம்ம சொத்து. அதுக்குள்ள இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் மாறிக்கினா, வெளிய வரப்ப நாம எப்பவும் அங்கதான் நின்னோம்னு நெனச்சிக்கும்."

அக்கா கத்தி நான் கேட்டதே இல்லை. "நாய் வாயக் கேக்காது, காலக் கேக்கும்" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. எதையும் சோதித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாத வயது எனக்கு. ஒரு நாள் அக்கா இல்லாத நேரத்தில் கண்டக்டரை அவிழ்த்துவிட்டு, என் பாதம் இரண்டையும் குழாயைப் பார்த்துத் திருப்பி வைத்துக்கொண்டு, "பாலம்! பாலம்!" என்று கத்தினேன். நாய் குழாய்க்குள் போயிற்று. பாதத்தைப் பாலத்தின் பக்கம் திருப்பி, "குழாய்!" என்றேன். பாலத்தில் ஏறிற்று. ஐந்து முறை செய்து, ஐந்தையும் நோட்டில் குறித்துவைத்தேன். அன்றிலிருந்து கண்டக்டர் என் காலையும் படிக்கத் தொடங்கியது. டீ நேரத்தில் நான் பன்னில் பாதியைப் போடுவேன் என்பதும் அதற்கு ஒரு காரணம். நான் மேசையிலிருந்து எழுந்தால் எங்கே படுத்திருந்தாலும் வந்து காலடியில் நிற்கும்.

அக்காவுக்கு இந்த வித்தை எங்கிருந்து வந்தது என்பதை ஒரு ஜீப் பயணத்தில்தான் கேட்டேன். கல்வராயன் மலையில், வெள்ளிமலையையும் தாண்டி ஒரு சின்ன ஊரில் மாடுகளுக்குத் தடுப்பூசி முகாம். காலையில் நாங்கள் போய்ச் சேரும்போதே பட்டிக்குள் மாடுகள் மிரண்டு சுற்றிக்கொண்டிருந்தன. பட்டியின் வாசலிலிருந்து முள்வேலிக்கு நடுவே ஒரு சந்து. அந்தச் சந்து வழியாக மாடு ஒவ்வொன்றாக வரவேண்டும். பத்துப் பேர் கூவி, கோல் வீசி விரட்டியும் ஒரு மாடு கூட வரவில்லை.

அக்கா எல்லாரையும் வெளியே வரச் சொன்னார். காலியாக இருந்த சந்தில் குனிந்தபடி, கிட்டத்தட்ட மாட்டின் கண் உயரத்தில், மெதுவாக நடந்து வந்தார். வேலியில் யாரோ காயப்போட்டிருந்த துண்டை எடுத்து மடித்துக் கொடுத்தார். பிறகு சந்தின் முனையில் வெள்ளைக் கோட்டும் ஊசியுமாக நின்ற டாக்டரிடம் போனார்.

"சார், நீங்க ஒரு நாலடி தள்ளி, அந்தக் கல்லாண்ட நின்னீங்கன்னா..."

"நான் டாக்டரும்மா. நான் எங்க நிக்கணும்னு நீ சொல்வியா?"

"நீங்க டாக்டருன்னு மாட்டுக்குத் தெரியாதுங்க சார்."

மலைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். டாக்டர் முகம் சிவக்க நாலடி தள்ளி நின்றார். அக்கா பட்டிக்குள் போய், ஒரு கிழட்டுப் பசுவின் பின்தொடைக்குச் சற்றுப் பக்கவாட்டில் நின்று ஓரடி எடுத்து வைத்தார். அது நடந்தது. அதன் பின்னால் மற்றவை நடந்தன. பன்னிரண்டு மணிக்குள் எல்லா மாட்டுக்கும் ஊசி போட்டாயிற்று.

"இந்தம்மாவுக்கு மாட்டு பாசை தெரியும் போல" என்றார் ஊர்ப் பெரியவர் ஒருவர்.

"பாசை இல்லீங்க. எடந்தான்" என்றார் அக்கா.

இறங்கும்போது, கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் திணறிக்கொண்டிருந்த நேரத்தில் கேட்டேன். அக்காவின் அப்பா போலீசில் மோப்பநாய்ப் பிரிவில் இருந்தாராம். குடியிருப்புக்குப் பின்னாலேயே நாய்களின் பயிற்சி மைதானம். மதில்மேல் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே வளர்ந்திருக்கிறார். எல்லாரும் நாயை இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். ஒரே ஒரு போலீஸ்காரர் மட்டும் நாய் இல்லாமல் முதலில் தனியாக ஒரு முறை நடப்பாராம். அவர் நாய்தான் எப்போதும் ஜெயிக்கும். "எங்கப்பா அவரக் கிறுக்கன்னு சொல்லும். எங்கப்பா நாய் ஒரு தபா கூட ஜெயிக்கல" என்று சொல்லிவிட்டு அக்கா வெளியே பார்த்தார். அப்பா பற்றி அவ்வளவுதான். கல்யாணம் பற்றி ஊரில் இரண்டு கதைகள் உலவின. நான் இரண்டையும் கேட்டிருக்கிறேன், அக்காவிடம் கேட்டதில்லை.

அக்கா மனிதர்களையும் அப்படித்தான் கவனித்தார் என்பது எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது. டாக்டர் மேசை மணியை அடித்தால் நான் விருட்டென்று எழுவேன். ஒவ்வொரு தடவையும் என் நாற்காலி பின்னால் சாய்ந்து, மருந்து அலமாரியில் இடிக்கும். ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் என் மேசை ஓரடி முன்னால் நகர்ந்திருந்தது. மணி அடித்தது, எழுந்தேன், நாற்காலி எதிலும் இடிக்கவில்லை.

"நீங்கதான் நகத்தினீங்களாக்கா?"

"ஆமா. மணி அடிச்சா ஒங்கால் ஒன்னக் கேக்காமயே எழுந்துக்குது. கால மாத்த முடியாது. மேசைய மாத்தலாம்."

நன்றி சொன்னேன். ஆனால் அன்று முழுவதும் யாரோ என்னைச் சீட்டின் பின்புறத்தில் சிவப்பு மசியில் வரைந்து வைத்திருப்பது போலவே இருந்தது.

அக்கா இப்போது வெள்ளிமலைப் பக்கம் எங்கோ இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆடு வைத்திருக்கிறார் என்கிறார் ஒருவர். மூன்று நாய்கள் என்கிறார் இன்னொருவர். அங்கே அவர் போனதற்கு நானும் ஒரு காரணம். அதைத்தான் சொல்ல வேண்டும்.

ரிஷிவந்தியம் போகிற வழியில் அப்போது ஒரு பெரிய ஆலை வந்திருந்தது. அதன் காவலுக்கு நாய் வாங்கப் போகிறார்கள், நாயை நடத்த ஓர் ஆள் வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். நிரந்தர வேலை. தங்க ஓர் அறை. விருப்பமுள்ளவர்கள் தங்கள் கையால் பழக்கிய ஒரு நாயைக் கொண்டுவந்து, அவர்கள் போட்டு வைக்கும் தடைகளை வரிசை மாறாமல் தாண்டச் செய்து காட்ட வேண்டும். ஒரு தடையை விட்டாலும் ஆட்டம் முடிந்தது.

ஆறு வருடத் தினக்கூலி அக்காவுக்கு. அந்த மாதம்தான் அவர் குடியிருந்த வீட்டுக்காரர், "நாய வெச்சிக்கினா வூட்டக் காலி பண்ணும்மா" என்று கெடு வைத்திருந்தார். அறையோடு வேலை என்றால் அவருக்கும் கண்டக்டருக்கும் சேர்த்துக் கூரை. விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். நாயின் இனம் என்ற கட்டத்தில் வந்து நின்றேன்.

"நாட்டு நாய்னு போடு. பொய் இன்னாத்துக்கு?" என்றார்.

நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்ட ரிஜிஸ்டரையும் காட்ட வேண்டும் என்று பதில் வந்தது. ரிஜிஸ்டர் மருந்தகத்தின் சொத்து. எழுத்தர் கையோடு போய்க் கையோடு கொண்டுவர வேண்டும் என்றார் டாக்டர். அப்படித்தான் நானும் சேர்ந்துகொண்டேன்.

அந்த வாரம்தான் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. எங்கள் ஊர் ஆட்களே பாதிப் பேர் ரோட்டில்தான் உட்கார்ந்திருந்தார்கள். "இன்டர்வியூவத் தள்ளி வெச்சிடுவாங்கக்கா" என்றேன். "தள்ளி வெச்சா திரும்பி வந்துக்கலாம். தள்ளி வெக்கலன்னா?" என்றார். விடியற்காலையில் மூவரும் நடந்தோம். நான் ரிஜிஸ்டரைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி மார்போடு அணைத்திருந்தேன்.

முதல் மரத்திலேயே கண்டக்டர் தாண்டத் தயாராயிற்று. அக்கா விடவில்லை. வயல் வரப்பில் இறங்கிச் சுற்றி அழைத்துப் போனார். "இங்க தாண்டிட்டா அங்க தாண்டறதுக்கு இன்னா வெச்சிருக்கும்?" வழியில் கிடந்த ஐந்து மரங்களில் நடுவிலிருந்த மூன்றாவது மரம் எங்கள் ஊர் எல்லையில். அதன்மேல் என் தாய்மாமன் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாடா மாப்ள, ஊரே ரோட்ல ஒக்காந்துக்கினு கீது. நீ இன்னாத்தக் கட்டிப்புடிச்சிக்கினு எங்கடா போற?"

"நாய்க்கு இன்டர்வியூ மாமா."

மரம் முழுக்கச் சிரிப்பு. "படிச்ச புள்ளைங்களுக்கு வேலை இல்லன்னு நாங்க இங்க குந்திக்கினு கீறோம். நாய்க்கு இன்டர்வியூவா! அதுக்கு எத்தினி பர்சென்ட்டு கேக்கறீங்க?" என்றான் ஒருவன்.

"நாய்க்கு இல்லீங்கண்ணே. எனக்கு" என்றார் அக்கா.

சிரிப்பு நின்றது. மாமா காலை மடக்கி வழிவிட்டார். "போம்மா. நாங்க நகர மாட்டோம். நகராம இருக்கறதுதான் எங்களுக்கு இன்னிக்கு வேலை. நீ பாத்து ஏறிப் போ."

அங்கே சுற்றிப் போக வழியில்லை; இரு பக்கமும் தண்ணீர் நின்ற பள்ளம். அக்கா வழக்கம்போல் முதலில் தனியாக ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, நாய்க்கு எது தோது என்று பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பி வரும்போதுதான் பட்டை உரிந்த இடத்தில் கால் வழுக்கியது. வெட்டிய கிளையின் மொட்டைக் கூர் கணுக்காலுக்கு மேல் கிழித்துவிட்டது. கணுக்காலும் பிசகிக்கொண்டது. நான் என் துண்டைக் கிழித்துக் கட்டினேன்.

"திரும்பிடலாமாக்கா?"

"ஒரு தபா நடந்தே பாத்துட்டேன். இனிமே திரும்பினா நஷ்டம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

ஆலையில் தள்ளிவைக்கவில்லை. அக்காவைத் தவிர இன்னும் ஒருவர்தான் வந்திருந்தார்; பக்கத்து ஊரில் இருந்த, ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், பெரிய அல்சேஷனோடு. மைதானத்தில் கயிறு கட்டியிருந்தார்கள். லாட வடிவத்தில் ஏழு தடைகள்: இரண்டு தாண்டுகட்டை, ஒரு குழாய், பலகைப் பாலம், வளைந்து வளைந்து போக நட்ட கம்புகள், தொங்கும் டயர், கடைசியாக இன்னொரு தாண்டுகட்டை. ஓடுவதற்கு முன்னால் நாய் இல்லாமல் பார்த்துக்கொள்ள இருவருக்கும் பத்து நிமிடம். ராணுவக்காரர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு பீடி பற்றவைத்தார்.

அக்கா நொண்டிக்கொண்டே ஒரு சுற்று நடந்தார். ஓரடிக்கு ஒரு தரம் முகம் சுளித்தது. அந்தக் காலோடு நாய்க்குப் பக்கத்தில் முப்பது அடி அல்ல, பத்து அடி ஓடவும் முடியாது. இடுப்பில் செருகியிருந்த சீட்டை எடுத்துப் பார்த்தார். வீட்டிலேயே யோசித்துப் போட்ட கொக்கிகள். கசக்கி எறிந்துவிட்டார். பிறகு லாடத்தின் உள்வயிற்றில் ஓர் இடத்தில் போய் நின்றார். நின்ற இடத்திலேயே தோளை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அரையடி வலப்புறம். மறுபடி தோள். ஒரு சாண் பின்னால். பத்து நிமிடத்தில் எட்டு நிமிடம் அந்த ஒரு சாணுக்கே போயிற்று. முதல் ஐந்து தடைகளையும் அங்கிருந்தே ஓட்டிவிடலாம் என்று கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. டயரும் கடைசிக் கட்டையும்தான் எட்டாத தூரத்தில் இருந்தன.

என்னைக் கூப்பிட்டார். டயருக்கும் கடைசிக் கட்டைக்கும் நேர்கோட்டில், கட்டைக்குப் பின்னால், கயிற்றுக்கு வெளியே ஓர் இடத்தைக் காட்டினார்.

"இங்க நில்லு. ரெண்டு பாதமும் கட்டையப் பாக்கணும். அது ஒன்னப் பாத்துதான் வரும். கட்டையத் தாண்டி கால் தரையில படற வரைக்கும் அசையாத. அம்மாந்தான்."

பாதுகாப்பு அதிகாரியிடமும் கேட்டுக்கொண்டார். "கயித்துக்கு வெளிய யார் எங்க நின்னா எனக்கென்ன?" என்றார் அவர்.

ராணுவக்காரரின் அல்சேஷன் ஏழையும் தாண்டியது. கம்புகளில் ஒரு முறை குழம்பி, பாலத்தில் ஒரு முறை நின்றது. பிறகு அக்கா.

அப்படி ஒன்றை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. ஒரு பெண் மைதானத்தின் நடுவில் நட்டுவைத்த மாதிரி நிற்கிறார். வலது தோள் திரும்புகிறது. நாய் ஒரு கட்டையைத் தாண்டுகிறது. ஓர் உள்ளங்கை திறக்கிறது. இன்னொன்றைத் தாண்டிக் குழாய்க்குள் போகிறது. அந்த மூன்று நொடியில் அக்கா ஒரே ஓர் அடி, நொண்டிக்கொண்டு, வைத்தார். நாய் வெளியே வந்து அவரைப் புதிய பக்கத்தில் பார்த்து, சந்தேகமே இல்லாமல் பாலத்தில் ஏறியது. கம்புகளுக்கு நடுவே தையல் ஊசிபோல் போயிற்று. டயருக்குள் பாய்ந்தது. பாய்ந்து நேராக என்னைப் பார்த்தது.

"ஏம்ப்பா, அந்த ரிஜிஸ்டர்!"

மேசையிலிருந்து பாதுகாப்பு அதிகாரி விரலை ஆட்டினார். அவ்வளவுதான். நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் போயிருக்க மாட்டேன். எங்கள் அப்பா மணியக்காரர் வீட்டு வாசலில் கூப்பிட்ட குரலுக்கு ஓடியவர். அவர் அப்பாவும் ஓடியவர். என் கால் மூன்றடி இடப்புறம் போயிருந்தது. "இதோ சார்" என்று வாயும் சொல்லிவிட்டது.

கண்டக்டர் கடைசிக் கட்டையை விட்டு விலகி, மூன்றடி இடப்புறம் ஓடி, கயிற்றுக்கு அடியில் நுழைந்து என் காலடியில் வந்து வாலை ஆட்டியது. பன் கேட்டது.

அதிகாரி கெட்டவரில்லை. ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் பண்ணுச்சு. ஆனா ஒண்ணு விட்டுப்போச்சே" என்றார். விதி விதிதான். வேலை ராணுவக்காரருக்குப் போயிற்று. அவரே வந்து அக்காவிடம், "எங்கம்மா கத்துக்கினீங்க?" என்று கேட்டார். அக்கா, "மதில் மேல" என்றார்.

வெளியே வந்து ஒரு தட்டிக்கடை நிழலில் உட்கார்ந்தோம்.

"அக்கா, என்னாலதான்..."

"நீ இன்னா பண்ணுவ?"

"திட்டுங்கக்கா."

"நாய் தப்பு பண்ணாதுப்பா. நிக்க வெச்ச எடந்தான் தப்பு. ஆபீசர் கூப்ட்டா ஒங்கால் போகும்னு எனக்குத் தெரியும். ஆறு மாசமாப் பாத்துக்கினுதான கீறேன். தெரிஞ்சும் கம்பு நட வேண்டிய எடத்துல ஒன்ன நட்டேன்."

கோபம் துளியும் இல்லை. கணக்கில் எங்கே பிசகியது என்று தேடும் குரல். அவர் என்னை அறைந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. அக்காவின் கணுக்கால் வீங்கி, செருப்புக்குள் கால் நுழையவில்லை. ஒரு கம்பை ஊன்றிக்கொண்டார். எதிர்ப்பட்ட முதல் மரத்துக்கு இரு பக்கமும் பள்ளம்; அதன் முன்னால் நின்று, "நீ முன்னால போ" என்றார்.

"நானா?"

"என்னால ஏறிப் பாத்துட்டுத் திரும்ப முடியாது. நீ எங்க கால வெக்கிறியோ அங்க நாய் வெக்கும். நாய் வெக்கிற எடத்துல நான் வெக்கிறேன். அந்தாண்ட எறங்கி நாங்க வர்ற வரைக்கும் நில்லு. அசைஞ்சேன்னா அது நடுவுல குதிச்சிடும், நானும் சேந்து உருளுவேன்."

காலையில் என்னால் வேலையை இழந்தவர், சாயங்காலம் தன் எலும்பை என் காலிடம் கொடுக்கிறார். அது நம்பிக்கையா, வேறு வழியில்லாததால் வந்த முடிவா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பட்டை உரியாத இடமாகப் பார்த்துக் கால் வைத்து ஏறினேன். இறங்கி, பாதம் இரண்டையும் மரத்தைப் பார்த்துத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றேன். நாய் வந்தது. பின்னால் அக்கா வந்தார். இரண்டாவது மரமும் அப்படியே.

மூன்றாவது, எங்கள் ஊர் மரம். இப்போது அதன்மேல் யாரும் இல்லை. கொஞ்ச தூரத்தில் போலீஸ் ஜீப் ஒன்று நின்றது. மாமாவும் மற்றவர்களும் ரோட்டோரம் கும்பலாக நின்றிருந்தார்கள். நான் ஏறி இறங்கி, வழக்கப்படி திரும்பி நின்றேன். நாய் மரத்தின் உச்சிக்கு வந்து, கீழே எங்கே குதிப்பது என்று என் காலைப் பார்த்தது. அதற்குப் பின்னால் அக்காவின் தலை தெரிந்தது. ஒரு கை கம்பில், ஒரு கை கிளையில்.

"யோவ்! அங்க யாரு? இங்க வாய்யா!"

தலையை மட்டும் திருப்பிப் பார்த்தேன். இளவயது சப்-இன்ஸ்பெக்டர். லத்தி முனையால் கூப்பிட்டார். என் முதுகுக்குப் பின்னால் பூட்ஸ் சத்தம். என் வலது குதிகால் தானாகவே மண்ணிலிருந்து எழும்பியதை நான் உணர்ந்தேன். கண்டக்டரின் பார்வை அந்தக் குதிகாலில் இருந்தது.

குதிகாலை மண்ணில் அழுத்தினேன்.

"காது கேக்கல? கூப்பிடறேன் இல்ல!"

"வர்றேன் சார்" என்றேன், திரும்பாமல். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இவங்க எறங்கட்டும்."

பூட்ஸ் சத்தம் மிக அருகில் வந்து நின்றது. ரோட்டோரத்திலிருந்து மாமா என்னவோ சொன்னார், காதில் விழவில்லை. நாய் குதித்து என் காலடியில் விழுந்தது. அக்கா அது நின்ற இடத்துக்கு வந்து, கிளையைப் பிடித்து, உட்கார்ந்து, சறுக்கி, நல்ல காலை முதலில் ஊன்றி இறங்கினார். நிமிர்ந்து புடவையைச் சரிசெய்தார். என் பாதங்களைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது.

"ம்" என்றார். "இப்பப் போ."